ஆறு கறியும் ஒரு கரியும்

குற்றம் மழையின் மேல்தான் என்று
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காத்ர்போர்னில் ஜனவரி மழை
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
கொடியில் நேற்று காவடிக்குக் கட்டிய
இளஞ்சிவப்பு வேட்டி, இரண்டு போர்வை,
என் ஆபீஸ் பாவாடை.
அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்து
மடித்துக்கூட வைக்கவில்லை,
மூக்கு சொன்னது: பலா.

பிஞ்சுப் பலா.
காலையிலிருந்து கையில் எண்ணெய் தடவி
அரிந்து, பால் துடைத்து, மறுபடி அரிந்து,
கத்தி இன்னும் பிசுக்கு விடவில்லை.
மூடியைத் திறந்தேன்.
மேலே மஞ்சள், நடுவே பழுப்பு,
கீழே போகப் போக
கறியின் வல்லின றகரம் தேய்ந்து
இடையின ரகரம் ஆகியிருந்தது.

"அடியைக் கிளறிடாதே!"
கூடத்திலிருந்து தேவராஜென்.
காவடி இறக்கிய கால்கள் இரண்டையும்
உப்பு வெந்நீர் பேசினில் போட்டுக்கொண்டு
உட்கார்ந்த இடத்திலிருந்தே சமைப்பார்.
நான் கிளறிவிட்டிருந்தேன்.

தேங்காய்ப்பால் ஊற்றினேன்.
பாலும் தீய்ந்தது.
ரொட்டித் துண்டு போட்டால் வாடையை இழுக்குமாம்.
இழுத்தது. வாடை குறையவில்லை,
ரொட்டியும் சேர்ந்து நாறியது.
ருசி பார்த்தேன்.
உப்பு மட்டும் அத்தனை சரியாக இருந்தது.
அதற்குத்தான் அழுகை வந்தது.

மணி ஐந்து.
ஐந்தே முக்கால் பஸ்ஸில் நவமணி வருகிறாள்,
அவர் தங்கை, வரி அலுவலகத்தில் வேலை.
இலை முன்னால் உட்கார்ந்தால்
வாய் திறக்குமுன் விரல் எண்ணும்.
பூசணி ஒன்று, வாழைக்காய் இரண்டு,
கத்தரி மூன்று, பீன்ஸ் நாலு,
கீரை ஐந்து, பருப்பு ஆறு.
ஆறோடு நின்றுவிட்டது உலகம்.

"ரசத்தைச் சேர்த்துக்கலாமா?"
"ரசம் கணக்கில் வராது."
"ஊறுகாய்?"
"போன வருஷம் அவள் வீட்டில் நீ என்ன சொன்னாய்?"
போன வருஷம் அவள் வீட்டில்
ஊறுகாயெல்லாம் கறியாகாது என்று
இலையைப் பார்த்துச் சொன்னது நான்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் லிசெத்
மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.
கையில் ஒரு கிண்ணம்.
"தக்காளி ருகாய். இப்போதுதான் இறக்கினேன், வைத்துக்கொள்."
உள்ளே கருவாடு.
விரதம் முடியாத வீட்டில், முருகா, கருவாடு.
என் முகத்தைப் பார்த்துக் கிண்ணத்தை மூடினாள்.
"பா த்ரகாசே" என்றாள்,
கவலைப்படாதே என்பதை இந்தத் தீவு
அப்படித்தான் சொல்லும்.
சொல்லிவிட்டு மதில்மேல் கையை நீட்டினாள் சௌசௌக் கொடிக்கு.
அவள் நட்டது. காய்ப்பதெல்லாம் எங்கள் பக்கம்.
எத்தனையோ நாள் அவளுக்குத் தெரியாமல் பறித்திருக்கிறேன்.
தெரியும் போலிருக்கிறது:
எது பிஞ்சு என்று என்னிடம் கேட்டாள்.

கால் பேசினில், தட்டு மடியில்,
முருகனைச் சுமந்தவர் தோல் சீவினார்.
கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை,
இரண்டு பச்சை மிளகாய்.
நேரமில்லை, வேறெதுவும் போடவில்லை.

நவமணி எண்ணினாள். ஏழு.
சௌசௌவை இரண்டாம் முறை கேட்டாள்.
பிறகு தலை நிமிராமல்,
"பலான்னு போனில் சொன்னீங்களே, அண்ணி?"
யாரும் பேசவில்லை. பேசினில் தண்ணீர் மட்டும் அசைந்தது.
அடுப்படிக்குள் போயிருந்த அவள் சின்ன மகன் கத்தினான்:
"அம்மா, இங்கே ஒரு சட்டிக்குள்ளே ராத்திரி இருக்கு!"

சிரித்தாள். புரையேறும்வரை சிரித்தாள்.
தண்ணீர் குடித்துவிட்டு,
போன வருஷம் ஊறுகாயை ஏன் எண்ணினாள் என்பதற்கு
ஒரே வார்த்தை சொன்னாள்:
"வாழைக்காய்."

சட்டியை வெளியே வைத்தேன்.
இரவெல்லாம் அதில் மழை பெய்தது.
தான் செய்த குற்றத்தைத் தானே ஊறவைத்தது என்று
அழகாக முடிக்க ஆசைதான்.
மூன்று நாள் தேய்த்தும்
அடியில் ஒரு வட்டம் போகவில்லை.
இப்போது அதில் பருப்பு வேகவைக்கிறேன்,
பக்கத்திலேயே நின்று.
துணி நனைந்தால் நனையட்டும்.